கிராமவாசி ஒன்பது

புஸ்வாணப் பெட்டி லேபிள் ஒன்றில் சிரிக்கிற குழந்தையின் கன்னச் சிவப்பை இசைவாணி குறைத்துக்கொண்டிருந்தபோது, சரவணக்குமார் கையில் ஒரு சி.டி.யோடு கணினி அறைக்குள் வந்தான். இரண்டாயிரத்து எட்டு, பிப்ரவரி மாதம். காலண்டர் சீசன் முடிந்து, தீபாவளி ஆர்டர்கள் இன்னும் சூடு பிடிக்காத நாட்கள். அவனுடைய அப்பா சங்கரலிங்கம் சிவகாசியில் நடத்தும் அந்த அச்சகத்தில் அவள் ஐந்து வருடமாக லேபிள் வடிவமைக்கிறாள். ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. படித்தவள் என்பது அங்கே யாருக்கும் அதுவரை தேவைப்பட்டதில்லை.

“இசைவாணி, நீங்க லிட்ரேச்சர்தான படிச்சீங்க? ஒரு வேலை இருக்கு. லேபிள் இல்ல. கதை.”

சென்னையில் அவனோடு இன்ஜினியரிங் படித்தவர்கள் ஒரு ஆன்லைன் கேமைத் தமிழில் கொண்டுவருகிறார்களாம். ஆயிரம் பேர் ஆயிரம் ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரே மாய உலகத்தில் சேர்ந்து சுற்றுகிற விளையாட்டு. அதில் வருகிறவர்கள் பேசுவதெல்லாம் எக்செல் தாளில் வரிவரியாக இருந்தது. நாலாயிரத்துச் சொச்சம் வரிகள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துக் கட்டம் தமிழுக்காகக் காலியாக விடப்பட்டிருந்தது.

முதல் சில நாட்கள் அந்த வேலை அவளுக்குப் பிடித்தே இருந்தது. ஆட வருகிறவர் போர்வீரன், மந்திரவாதி, மருத்துவச்சி, வில்லாளி, கள்ளன் என ஐந்து பேரில் ஒருவராக மாறிக்கொள்ள வேண்டும். போர்வீரன் எப்போதும் நேர்மையானவன், கொஞ்சம் முரடன். மந்திரவாதிக்கு யாரையும் பிடிக்காது. கள்ளன் கேலி பேசுவான், ஆனால் கடைசியில் நல்லவன். மருத்துவச்சி மென்மையாகப் பேசுவாள். அவளை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள் என்றும், அவள் இல்லாமல் குகைக்குள் போனால் அத்தனை பேரும் காலி என்றும் சரவணக்குமார் சொன்னான். அவன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆங்கில கேமை ஆடிக் காட்டுவான். ஆடும்போது மட்டும் அவன் முகத்தில் முதலாளி மகன் இருக்க மாட்டான்.

“எல்ஃப்னு வருதே, அதுக்கு என்ன சார் போட?”

“காது கூரா இருக்கும். அழகா இருப்பாங்க. சீக்கிரத்துல சாக மாட்டாங்க.”

“கந்தர்வன்னு போடவா?”

“கந்தர்வனுக்குக் காது எப்படி இருக்கும்?”

இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கந்தர்வன் என்றே போட்டாள்.

இரண்டாவது வாரத்தில் முதல் அத்தியாயத்துக்கு வந்தாள். ஐந்து பேரும் ஒரே ஊர்க்காரர்கள், ஐந்து பேருக்கும் ஐந்து கதை எழுதியிருந்தார்கள். ஆனால் ஐந்து கதையிலும் நாயகன் காட்டுக்குப் போய்த் திரும்பும்போது ஊர் எரிந்துகொண்டிருந்தது. ஐந்து பேரும் சாம்பலில் மண்டியிட்டார்கள், அம்மாவின் மோதிரத்தையோ அப்பாவின் கத்தியையோ கண்டெடுத்தார்கள், சபதம் செய்தார்கள், வடக்கே போகிற சாலையில் நடக்கத் தொடங்கினார்கள். அப்புறம் அந்த ஊரைப் பற்றிப் பேச்சே இல்லை.

“எல்லாக் கதையிலயும் ஏன் சார் ஊர் எரியுது?” என்று கேட்டாள்.

“ஊர் எரிஞ்சாத்தான ஹீரோ கிளம்புவான்? எல்லாம் நல்லா இருந்தா வீட்டுல சாப்பிட்டுட்டுப் படுத்துருவான். இந்த மாதிரி கதை எல்லாமே அப்படித்தான் ஆரம்பிக்கும்.”

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அவளும் சாதாரணமாகவே தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். அன்று சாயங்காலம் சென்னை அலுவலகத்திலிருந்து பிரீத்தி என்ற பெண் போன் செய்தாள். மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பது அவள்தான். எரிகிற ஊரில் கிராமவாசி ஒன்று, கிராமவாசி இரண்டு என்று பதினான்கு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு நல்ல தமிழ்ப் பெயராக வைத்துக் கொடுங்கள் என்றாள். இசைவாணி யோசிக்காமல் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். சோலையம்மாள். ஆண்டிச்சாமி. லட்சுமிகாந்தம். ஊர்க்காவலன். பாலம்மாள். விரல்களுக்கு வந்த பெயர்கள் எல்லாம் அவள் ஊர்க்காரர்களின் பெயர்கள்தான். ஆறாவது பெயரில் நிறுத்தினாள்.

“சார், ஒருத்தர் ஆடி முடிச்ச பிறகு இன்னொருத்தர் புதுசா வந்தா?”

“அவருக்கு முதல்லேருந்து ஆரம்பிக்கும்.”

“ஊர் மறுபடி எரியுமா?”

“எரியும். ஒவ்வொருத்தருக்கும் எரியும்.”

ஐந்து பெயர்களையும் அழித்தாள். கிராமவாசி ஒன்று, இரண்டு என்பதே இருக்கட்டும் என்று பிரீத்திக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். காரணம் எதையும் எழுதவில்லை.

சாத்தூர்ப் பக்கம் இருக்கிற அவள் ஊரில் முக்கால்வாசிப் பேர் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். அவள் கல்லூரியில் முதல் வருடம் படித்தபோது, ஒரு சித்திரை மாதக் காலையில், மருந்து அடைக்கும் அறை வெடித்ததில் அம்மா கருப்பம்மாள் ஆறு பேரோடு போய்விட்டாள். அப்பா வேலுச்சாமிக்கும் அதே கம்பெனிதான். அன்று லோடு ஏற்றிக்கொண்டு விருதுநகர் போயிருந்தார், தப்பினார். கம்பெனிக்கு சீல் வைத்தார்கள். மூன்று மாதம் கழித்துத் திறந்தார்கள். இடிந்த அறைக்குப் பதிலாகப் புது அறை கட்டியிருந்தார்கள். திறந்த நாளில் அந்த அறைக்குள் முதல் ஆளாக நுழைந்தது வேலுச்சாமி. இதை இசைவாணிக்குச் சொன்னது அவளுடைய அத்தை. “பொண்டாட்டி எரிஞ்ச எடத்துக்கு மொத ஆளாப் போனவன் இவன் ஒருத்தன்தான்” என்று சொல்லிவிட்டு அத்தை மூக்கைச் சிந்தினாள்.

இசைவாணி அதைப் பற்றி அப்பாவிடம் கேட்கவே இல்லை. எட்டு வருடமாக ஒரே வீட்டில் இருந்தார்கள். ரேஷன், காய்ச்சல், பஸ், மின்சாரம் என்று எல்லாவற்றையும் பேசினார்கள். அவள் மேலே படித்தாள், டவுனில் வேலை தேடிக்கொண்டாள், பட்டாசுக் கம்பெனி இருக்கிற திசைக்கே போவதில்லை என்று வைத்துக்கொண்டாள். அப்பா தினமும் அந்தத் திசைக்கே சைக்கிளை மிதித்தார். அவருடைய நகக்கண்களில் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னும். அந்தக் கையால் அவர் சோற்றைப் பிசையும்போது அவள் அடுப்பைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொள்வாள்.

மார்ச் மாதம் ஆயிரத்துச் சொச்சமாவது வரியில் அவள் கிராமவாசி ஒன்பதைச் சந்தித்தாள். நாயகன் நாற்பதாவது நிலையை எட்டியபின், விருப்பப்பட்டால், எரிந்த ஊருக்குத் திரும்பிப் போகலாம். அங்கே தப்பிப் பிழைத்த ஒரே ஒரு ஆள் நின்றுகொண்டிருப்பார். அவருக்கு ஒரே வசனம். ‘இங்கே எதுவும் மிச்சமில்லை. போ வீரனே, எங்களுக்காகப் பழி வாங்கு.’ எத்தனை முறை கேட்டாலும் அதையே சொல்வார். பழி வாங்கிவிட்டு வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வார்.

அவள் அந்த வரியைத் தமிழில் எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். அன்று வேறு எந்த வரியும் ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலுச்சாமி குழாயடிக் கல்லில் தன் பருத்திச் சட்டைகளைத் துவைத்துக்கொண்டிருந்தார். வேறு துணி உரசினால் பொறி கிளம்பும் என்று, கம்பெனிக்குப் பருத்தி தவிர எதையும் போட்டுக்கொண்டு போகக் கூடாது. இசைவாணி தண்ணீர் அடித்துக் கொடுத்தாள்.

“என்ன தாயி, மொகம் ஒரு மாதிரியா இருக்கு? பிரஸ்ல எதுவுஞ் சொன்னாகளா?”

இல்லை என்றாள். பிறகு, ஏன் என்று தெரியாமலே, அந்த விளையாட்டைப் பற்றிச் சொன்னாள். எரிகிற ஊர், கிளம்பிப் போகிற வீரன், திரும்பி வந்தால் அங்கேயே நிற்கிற ஆள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சட்டையைக் கல்லில் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்த ஆளு வேற எங்கிட்டும் போக மாட்டானா?”

“மாட்டான்.”

“சோறு தண்ணி?”

“அதெல்லாம் கெடையாதுப்பா. ஆராவது வந்தா பேசுவான். இல்லாட்டி நிப்பான்.”

“உக்காரக்கூட மாட்டானா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாய் மூடுவதற்குள் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

“நீ ஏம்ப்பா அன்னிக்கி மொத ஆளா உள்ள போன?”

எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. சட்டையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார். அதிலிருந்து வடிந்த தண்ணீர் அவர் முதுகில் ஓடியது.

“நான் வேலைக்கி வரலன்னு சொல்லிட்டு வரத்தான் தாயி போனேன்” என்றார். “கேட்டு வாசல்ல பாத்தா கம்பெனி வேன்ல வந்த பொம்பளைக பதினெட்டுப் பேரு எறங்கி நிக்காக. உள்ள போகல. போர்மேன் கூப்பிட்டுப் பாக்கான், ஒருத்தரும் அசையல. சோலையம்மா தூக்குச்சட்டியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அளுவுறா. நான் சைக்கிள விட்டு எறங்குனதும் அம்புட்டுப் பேரும் என்னையப் பாத்தாக. மூணு மாசமா கஞ்சிக்கி வழியில்லாம கெடந்தவுக. நான் திரும்புனா அவுகளும் திரும்பிருவாக. திரும்பி எங்க போக? அதான் போனேன். பின்னாடியே வந்துட்டாக.”

இசைவாணி பம்ப்பை அடித்துக்கொண்டே இருந்தாள்.

“அவுகளுக்கு நல்லது செஞ்சேனா, கூட்டிட்டுப் போயி உள்ள தள்ளுனேனான்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குத் தெரியல. தெனம் காலையில ரூமு ரூமா மொத ஆளா நான் போயிப் பாத்துட்டு வந்த பெறகுதான் அவுக போவாக. நம்மளால ஆனது அம்புட்டுத்தான்.”

வாளியில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. “போதும் தாயி” என்றார். அவர் தண்ணீரைத்தான் சொன்னார்.

திங்கட்கிழமை அவள் கிராமவாசி ஒன்பதின் கட்டத்தில், ஆங்கிலத்தைப் பார்க்காமல் எழுதினாள். ‘நீ போனபின் மிச்சமிருந்தவர்கள் வாசலில் நின்றார்கள். நான் முன்னால் நடந்தேன். அவர்கள் பின்னால் வந்தார்கள். அது சரியா என்று எனக்குத் தெரியாது. நீ நல்லபடியாகப் போய் வா.’ எழுதியதும் கோப்பை அனுப்பிவிட்டு மதியச் சாப்பாட்டைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்குப் பிரீத்தி கூப்பிட்டாள்.

“ஆயிரத்து நூத்திப் பன்னெண்டாவது வரி ஒரிஜினல்ல இல்லையே மேடம்?”

“இல்லங்க. நான் எழுதுனது.”

“நல்லா இருக்கு. ஆனா கட்டத்துல இவ்ளோ எழுத்து நிக்காது. அப்புறம், எந்த வாசல்? அந்த ஊர்ல எல்லாம் எரிஞ்சிடுச்சே, வாசலே கிடையாதே. பிளேயர்ஸ் குழம்பிடுவாங்க. அவர் பழி வாங்கச் சொல்லணும் மேடம், அதுலதான் அடுத்த கட்டமே ஓப்பன் ஆகுது.”

பிரீத்தி சொன்னது எல்லாமே நியாயம்தான். இசைவாணி பழைய வரியையே அனுப்புவதாக ஒத்துக்கொண்டாள். போனை வைப்பதற்கு முன், “ஒண்ணு கேக்கலாமா?” என்றாள்.

“சொல்லுங்க.”

“அந்த ஆளு நின்னுக்கிட்டேதான் இருக்கணுமா? உக்கார வைக்க முடியாதா?”

மறுமுனையில் போனைக் கையால் பொத்துகிற சத்தம் கேட்டது. யாரிடமோ கேட்கிறாள் போலிருந்தது. பிறகு பிரீத்தி, “உக்கார்ற அனிமேஷன் ஏற்கெனவே இருக்காம். மாத்திடலாம், பிரச்சனை இல்ல” என்றாள். அவள் குரலில் லேசான சிரிப்பு இருந்தது, ஆனால் ஏன் என்று கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் இதைச் சொன்னாள். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே, “உக்கார வச்சுட்டாகளா” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நல்லது” என்றார். அவர் பிசைந்து சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஆகஸ்டில் விளையாட்டைச் சோதனைக்கு விட்டார்கள். தீபாவளி லேபிள்கள் குவிந்து கிடந்த நேரம். அச்சு இயந்திரங்கள் ஓய்வில்லாமல் ஓடின. இருந்தும் ஒரு மதியம் சரவணக்குமார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். சோதனைக்காரர்கள் எல்லோருக்கும் நாற்பதாவது நிலையைச் சும்மாவே கொடுத்திருந்தார்கள். அவனுடைய போர்வீரன் எரிந்த ஊருக்குள் நடந்துகொண்டிருந்தான். கூரையில்லாத சுவர்கள், கரிந்த மரங்கள், நடுவே ஒரு உடைந்த வண்டி. வண்டியின் சக்கரத்தில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் ‘கிராமவாசி 9’ என்று எழுதியிருந்தது.

மற்ற ஆட்டக்காரர்களும் வந்தார்கள், ஓடுகிற ஓட்டத்தில் அவரைத் தொட்டார்கள். அவர் பழி வாங்கச் சொல்லி முடிப்பதற்குள் ஓடிவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் அப்படிப் போனார்கள். பிறகு தோளில் வில்லோடு ஒருத்தன் வந்தான். பெயர் ‘காரியாபட்டி புலி’. அவரைத் தொட்டான், வசனத்தைக் கேட்டான். போகவில்லை. இன்னொரு முறை தொட்டுக் கேட்டான். பிறகு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

“நெட் கட்டாயிருக்கும். சிஸ்டத்த அப்படியே விட்டுட்டு டீ குடிக்கப் போயிருப்பான்” என்றான் சரவணக்குமார்.

“உக்காரணும்னா ஒரு கீயை அமுக்கணும்ல சார்?”

அவன் கீபோர்டைப் பார்த்தான். “ஆமா. அமுக்கணும்.”

கீழே அச்சகப் போர்மேன் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் எழுந்து போனான். இசைவாணி நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள். அந்த உலகத்தில் வானம் கறுத்து மழை பிடித்தது. வடக்குச் சாலையில் ஆட்கள் வாளோடும் கோலோடும் ஓடிக்கொண்டே இருந்தார்கள். வண்டிச் சக்கரத்தடியில் இரண்டு பேரும் அசையாமல் நனைந்தார்கள்.