போன் காட்டிய நிறம்

என் தங்கை விஷ்ணுப்பிரியாவின் மகளை, அவள் பிறந்து ஒரு கிழமையாகப் போகும்வரை நான் போனில்தான் பார்த்தேன். கொழும்பில் நான் இருக்கிற வெள்ளவத்தைக்கும் அவள் இருக்கிற கொட்டாஞ்சேனைக்கும் நடுவில் கடலா கிடக்கிறது? ஒரு த்ரீவீல் பிடித்தால் போய்விடலாம். ஆனால் என் கணவர் சத்தியநாராயணன் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். மாலை போட்டவரின் மனைவி பிள்ளை பெற்ற வீட்டுக்குள் காலை வைத்தால் துடக்கு, தீட்டு. முப்பத்தொன்றாம் நாள் கழியட்டும், பிறகு ஆசை தீரத் தூக்கு என்றார்கள். நான் மட்டுமில்லை, எங்கள் சொந்தக்காரர் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. ஆகவே பிள்ளையை ஊருக்குக் காட்டுகிற பொறுப்பு முழுவதும் விக்ரமனின் புதுப் போனிடம் போய்ச் சேர்ந்தது.

விக்ரமன் என் தங்கையின் புருஷன். காப்புறுதிக் கம்பனியில் வேலை. பிள்ளை பிறக்கப் போகிறதென்று தொட்டில் வாங்குவதற்கு முன் போன் வாங்கினவன். அந்தப் போனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் போதும், தேநீர் ஆறிப்போகும். கேமரா தானாக யோசிக்குமாம். இருட்டை வெளிச்சமாக்குமாம். எது முகம், எது பூ, எது சாப்பாடு என்று அதற்கே தெரியுமாம். முகம் என்று தெரிந்துகொண்டு அதை என்ன செய்யும் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை ரக்ஷிதா பிறந்தாள். திங்கட்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் படம் படமாக விழுந்தது. தூங்குகிற படம், கொட்டாவி விடுகிற படம், கையை மூடிக்கொண்டு கிடக்கிற படம். எல்லாவற்றிலும் பிள்ளை ரோசாப்பூ நிறம். விக்ரமன் நல்ல கறுப்பு. என் தங்கையும் நானும் மாநிறம். "இது ஆரின்ட கலர்?" என்று கனடாவிலிருந்து மாமி கேட்டார். "எங்கட பக்கத்துக் கலர்" என்று அந்த வீட்டிலேயே இருக்கிற விக்ரமனின் அம்மா பழனியம்மா குரல் பதிவு போட்டார். அதில் இருந்த பெருமையைக் கேட்டிருக்க வேண்டும். வெள்ளைத் தோல் என்றால் எங்கள் சனத்துக்குப் புத்தி மழுங்கிவிடும். ஒரு கறுப்புக்கும் ஒரு மாநிறத்துக்கும் இந்த நிறத்தில் பிள்ளை எப்படி வந்தது என்று ஒரு நாயும் யோசிக்கவில்லை. அந்த நாய்களில் நானும் ஒன்று. விழுந்த படத்துக்கெல்லாம் இதயம் போட்டுக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை விஷ்ணுப்பிரியா எனக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, படம் பாத்தனீங்களா?"

"பாத்தன்டி. ரோசாப்பூ மாதிரி இருக்கிறாள்."

"உங்களுக்கு மஞ்சளாத் தெரியேல்லையா?"

"எங்க மஞ்சள்? நீ அந்த ரூமுக்குள்ளேயே கிடந்து உனக்குக் கண் மங்கிப்போச்சு."

"அவரும் அப்பிடித்தான் சொல்லுறார்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ரபீக்கா போன் எடுத்தார். அவர் தங்கையின் பக்கத்து வீட்டுக்காரி. எங்கள் இருவருக்கும் சட்டை தைத்துத் தருகிறவர், அதனால் என் நம்பர் அவரிடம் இருந்தது. அவருக்கு மாலையுமில்லை, துடக்குமில்லை. பிள்ளை பெற்றவளுக்குச் சூப் கொண்டு போயிருக்கிறார்.

"அருந்ததி, நீங்க ஒருக்கா வாங்க. புள்ள நல்லா மஞ்சளா இரிக்கி. பால் குடிக்கிதில்ல, கண்ணத் தொறக்கிதில்ல, அழவும் இல்ல. நான் சென்னா தங்கச்சிட மாப்புள போனக் காட்டுறாரு. தங்கச்சிட மாமி செல்லுறா, மஞ்சத் தண்ணில குளிப்பாட்டினதாம், அதான் ஒட்டி இரிக்காம். எனக்கு மூணு புள்ள, அருந்ததி. மஞ்சத் தண்ணி கண்ணுக்குள்ளயும் போகுமா?"

உடனே விக்ரமனுக்கு எடுத்தேன்.

"அக்கா, நீங்களுமா?" என்று சிரித்தான். "டொக்டரே பாத்திட்டார். ஆப்ல. படம் அனுப்பினன், கலர் நல்லா இருக்கு, பயப்பட வேண்டாம், அடிக்கடி பால் குடுங்க எண்டு எழுதியிருக்கிறார். ஸ்கிரீன்ஷொட் அனுப்பவா?"

"ஆஸ்பத்திரியில திருப்பிக் கொண்டுவரச் சொன்னவை எல்லே?"

"இந்த மழையிலயும் ட்ராஃபிக்லயும் பச்சைப் பிள்ளைய அலைக்கழிக்கவா? அதுக்குத்தானே ஆப் இருக்கு."

"பிள்ளையப் பாக்க வீட்டுக்கு மிட்வைஃப் மிஸ் வந்தாவா?"

"வாறன் எண்டு கோல் பண்ணினவ. அவசரமில்ல மிஸ், டொக்டர் பாத்தாச்சு எண்டு நான்தான் சொன்னன்."

பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தேன். ஐயப்பன் படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்த என் கணவரிடம் போய், "சாமி, நான் கொட்டாஞ்சேனைக்குப் போறன்" என்றேன். விரத நாட்களில் அவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் திரும்பிப் பார்த்தார். மாலையைத் தொட்டார். நான் சண்டைக்கு ஆயத்தமாக நின்றேன்.

"போய்ட்டு வா" என்றார். "நான் உடுப்பை எடுத்துக்கொண்டு குருசாமி வீட்டில போய்த் தங்குறன். என்னைப் பற்றி யோசிக்காத."

அந்த மனிதர் மீது எனக்கு எத்தனையோ குறை உண்டு. அன்றைக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

வாகனம் கூப்பிடுகிற ஆப்பில் த்ரீவீல் கேட்டேன். வருகிறேன் என்றவன் ரத்துச் செய்தான். அடுத்தவனும் ரத்துச் செய்தான். உங்கள் அனுபவம் எப்படி, நட்சத்திரம் கொடுங்கள் என்று கேட்டது அந்தச் சனியன். காலி வீதிக்கு ஓடி நடுத்தெருவில் கையை நீட்டினேன். "மல்லி, கொட்டஹேனட்ட. இக்மனட்ட யமு" என்றேன், தம்பி, கொட்டாஞ்சேனைக்கு, சீக்கிரம் போவோம் என்று சிங்களத்தில். என் முகத்தைப் பார்த்த அந்தப் பையன் கூலி கூடப் பேசாமல் வண்டியை விரட்டினான்.

விக்ரமனின் வீட்டுக் கதவை ரபீக்காதான் திறந்தார். பிள்ளை கிடந்த அறையில் திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. காற்றுப் படக்கூடாதாம், கண்ணூறு படக்கூடாதாம். மங்கலாக ஒரு பல்ப். அந்த வெளிச்சத்தில் யானையைக் கட்டியிருந்தாலும் என்ன நிறம் என்று தெரியாது. விஷ்ணுப்பிரியா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் பிள்ளையைத் தூக்கி என் கையில் தந்தாள்.

பிள்ளை துணி மாதிரித் தொங்கினாள். நான் திரைச்சீலையை இழுத்துத் தள்ளிவிட்டு, பல்கனிக் கதவைத் திறந்து வெளிச்சத்துக்குப் போனேன். பழனியம்மா, "ஐயோ, காத்து!" என்று கத்தினார். மழைக்கால வெளிச்சம்தான், ஆனாலும் பகல் பகல்தானே. நெற்றியிலிருந்து பாதம் வரைக்கும் மஞ்சள். பழுத்த மாம்பழத் தோலின் மஞ்சள். இமையை மெல்ல விலக்கினேன். கண்ணின் வெள்ளையும் மஞ்சள்.

"கண் தெரியுதா உங்களுக்கு?" என்று விக்ரமனிடம் கத்தினேன். "வந்து பாருங்க!"

அவன் வந்தான். வந்தவன் பிள்ளையைப் பார்க்கவில்லை. போனைத் தூக்கிப் பிடித்தான். "அக்கா, இஞ்ச பாருங்க. இதில அப்பிடி ஒண்டும்..."

நான் பார்த்தேன். திரையில் என் கையில் ஒரு ரோசாப்பூ நிறப் பிள்ளை இருந்தது. அதைத் தூக்கி வைத்திருந்த பெண்ணும் வெள்ளை. சின்ன வயதில் படியில் விழுந்து என் உதட்டுக்குக் கீழே நாடியில் வந்த தழும்பு அவளுக்கு இல்லை. கண்ணுக்குக் கீழே சுருக்கமில்லை. நான் ஆத்திரத்தில் கத்திக்கொண்டு நின்றேன், அவள் புதுப்பெண் மாதிரிப் பளபளத்தாள். பிள்ளைக்கு வியாதி, அதற்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்தது இந்த மெஷின். ஆரும் கேட்காமல், ஆருக்கும் சொல்லாமல்.

"அது முகத்தைக் கண்டால் வெள்ளையடிக்குது, விசர் மனிசா! பக்கத்தில வச்சுப் பாரும்!"

போனைப் பறித்துப் பிள்ளையின் கன்னத்தோடு வைத்தேன். அங்கே ரோசா, இங்கே மஞ்சள். விக்ரமன் ஒன்றைப் பார்த்தான், மற்றதைப் பார்த்தான். அவன் முகம் சுருங்கியதை நான் கண்டேன். பாவம் என்று தோன்றவில்லை. இரண்டு அறை வைக்கலாம் போலத்தான் இருந்தது.

பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் எங்களைக் காத்திருக்க வைக்கவில்லை. பிள்ளையைக் கண்டதும் ஒரு நர்ஸ் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். பரிசோதித்த பெண் டொக்டர் சிங்களத்தில் பேசினார். இரத்தத்தில் மஞ்சள் அளவு மிகவும் கூடிவிட்டது, நீல வெளிச்சத்தில் வைக்கிறோம், குறையாவிட்டால் இரத்தம் மாற்ற வேண்டிவரும், மூளையில் படிந்தால் காது கேளாமல் போகலாம் என்றார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, எப்போதிலிருந்து மஞ்சள் என்று கேட்டார். அது முக்கியம், சரியாகச் சொல்லுங்கள் என்றார்.

விக்ரமன் போனை எடுத்தான். பழக்கம். "என்னட்ட எல்லா நாள் படமும் இருக்கு டொக்டர்" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டு விரலால் தள்ளினான். திங்கள், ரோசா. செவ்வாய், ரோசா. புதன், ரோசா. அன்று காலை எடுத்தது, அதுவும் ரோசா. தள்ளத் தள்ள அவன் விரல் வேகம் குறைந்தது. அத்தனை படத்தில் ஒன்று கூட என் பெறாமகளின் படமில்லை.

டொக்டர் போனை வாங்கவில்லை. "அம்மா யார்?" என்று கேட்டார்.

விஷ்ணுப்பிரியா எழும்பினாள். பிள்ளை பெற்ற உடம்பு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் சிங்களம் கொஞ்சம் தடுமாறும், அன்று தடுமாறவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் நெற்றியும் மூக்கும் என்றாள். புதன்கிழமை நெஞ்சு வரைக்கும். வியாழக்கிழமை வயிறு, தொடை. அன்றிலிருந்து பால் பிடிப்பதில்லை. பாதத்துக்கு இறங்கியது இன்று விடியத்தான் என்றாள்.

டொக்டர் அவள் சொன்னதை அப்படியே எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்து, இவ்வளவு கவனித்திருக்கிறீர்களே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். குரலில் கோபம் இருந்தது.

"சொன்னேன்" என்றாள் என் தங்கை. "ஒவ்வொரு நாளும் சொன்னேன். ஒவ்வொரு நாளும் இவர் படம் எடுத்துக் காட்டினார். மாமி மஞ்சத் தண்ணி என்றார். அக்கா ரோசாப்பூ என்றா. கடைசியில் எனக்குத்தான் விசரோ, பைத்தியமோ என்று நினைத்தேன்."

எனக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. அவள் எங்களை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரத்தம் மாற்ற வேண்டி வரவில்லை. நீல வெளிச்சத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்து, திங்கட்கிழமை ரக்ஷிதா வீறிட்டு அழுது பால் குடித்தாள். பிழைத்துவிட்டாள். ஆனால் காதைப் பற்றி டொக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. பிறகு டெஸ்ட் செய்யும்போதுதான் தெரியும், அதுவரை பொறுங்கள் என்றார். பொறுக்கச் சொல்வது சுலபம். தங்கை வீட்டில் அதற்குப் பிறகு ஒரு தட்டு விழுந்தால்கூட எல்லோரும் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த கிழமை நான் போயிருந்தேன். இனி எனக்கு என்ன துடக்கு? விக்ரமன் என்னைக் கண்டதும் அறை வாசலுக்கு ஓடி வந்தான். முகமெல்லாம் வெளிச்சம்.

"அக்கா, பிள்ளைக்குக் காது கேக்குது! காலமை நான் சாவிய ஆட்டினன், திரும்பினவள். வீடியோ எடுத்திருக்கிறன், இஞ்ச பாருங்க. விஷ்ணு, நீரும் வந்து பாரும்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் விஷ்ணுப்பிரியா கட்டிலை விட்டு எழும்பினாள். அவன் நீட்டிய போனை அவள் பார்க்கவில்லை. அவனைக் கடந்து தொட்டிலடிக்குப் போனாள். பிள்ளை விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தாள். விஷ்ணுப்பிரியா தலைமாட்டில், பிள்ளைக்குத் தெரியாத பக்கத்தில் குனிந்து நின்று, ஒரு தரம் கையைத் தட்டினாள்.

ரக்ஷிதா திடுக்கிட்டு இரண்டு கையையும் விரித்தாள். உதடு பிதுங்கியது. அழத் தொடங்கினாள்.

விஷ்ணுப்பிரியா மற்றப் பக்கம் போனாள். அழுகை அடங்கும்வரை காத்திருந்து அந்தக் காதுக்கும் தட்டினாள். பிள்ளை மறுபடி துள்ளி விழுந்து வீறிட்டாள். அப்புறம்தான் என் தங்கை அவளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"கேக்குது" என்றாள், விக்ரமனின் முகத்தை நேரே பார்த்து. "நான் சொல்லுறன்."