நேமா காலில் விழவில்லை

கோயில் திருவிழா மலரின் நாற்பத்திரண்டாம் பக்கத்தை வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மகள் சாருஜா டேனிஷில் எழுதிய கதை அது. தமிழாக்கியவள் நான். இங்கே டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டில் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, ஒரு மாதம் அந்த வரிகளோடு மல்லுக்கட்டினேன். எதைக் கேட்டாலும் டேனிஷில் பதில் சொல்கிறவள், "அம்மா, ஒரு வரியும் மாத்தக்கூடாது" என்பதை மட்டும் தமிழில் சொல்லிச் சத்தியம் வாங்கினாள்.

இரண்டு சூரியன்கள் காயும் பாலைவனம். அங்கே இருப்பது ஒரே ஒரு கிணறு, அதுவும் கோயிலுக்குள். சாவு விழுந்த வீட்டார் நாற்பது நாள் உள்ளே வரக்கூடாதென்று பூசாரிகள் கதவைப் பூட்டுகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த நேமா, துக்க வீட்டார் எல்லாரையும் திரட்டிப் போய்க் கதவை உடைக்கிறாள். சாமிக்கு முன்னால் நின்று அள்ளி அள்ளிக் குடிக்கிறாள். இந்தக் கோபம் எங்கே முளைத்ததென்று எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் சாருஜா இதே திருவிழாவில் ஆட இருந்தாள். அதற்கு முந்தின வாரம் அவளுடைய பெரியப்பா செத்துப்போனார். சாவுத் தீட்டு, முப்பத்தொரு நாள் துடக்கு என்று அவளை வீட்டில் இருத்தினோம். நானும்தான் இருத்தினேன்.

அச்சில் நேமா பூசாரியின் காலில் விழுந்து அழுகிறாள். அவர் மன்னித்துத் தீர்த்தம் கொடுக்கிறார். கீழே, தமிழில்: யோகமலர் தவராஜா. நான் எழுதாத பொய்க்கு என் பெயர்!

மலர்க்குழுத் தலைவர் வேறு யாருமில்லை, என் புருஷன்தான். விழா மண்டபத்து வாசலில் அவரை மறித்தேன்.

"ஆரைக் கேட்டு முடிவை மாத்தினீங்கள்?"

"கோயில் மலரில கோயிலை உடைக்கிறதே? சனம் என்ன கதைக்கும்?"

"பிள்ளைக்கு என்ன சொல்லுறது?"

"ஏன் சொல்லோணும்? அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுதானே. பேசாமல் இரும்."

அந்தக் கடைசி வார்த்தைகள்தான் என்னைக் கொதிக்க வைத்தன. பின்வரிசையில் சாருஜா மலரை மடியில் வைத்து, தன் படத்தைப் பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடினால் அவளுக்கு ஆயுளுக்கும் தெரியவராது. அவர் அதைக் கணக்குப் பண்ணித்தான் செய்திருக்கிறார்.

மேடையில் ஏறி, வரவேற்புரை சொல்ல நின்றவரிடமிருந்து மைக்கை வாங்கினேன்.

"இதில அச்சடிச்ச முடிவு பொய். பிள்ளை எழுதினதை நான் சொல்லுறன். நேமா ஆரின்ரை காலிலயும் விழேல்லை."

மைக் செத்தது. ஓரத்தில் தவராஜா வயரைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார். நான் தொண்டை கிழியக் கத்தினேன். முன்வரிசையில் பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார்கள். "அவவை இறக்குங்கோ" என்று யாரோ சொன்னார்கள். என் குரல் பாதி மண்டபத்தைத் தாண்டவில்லை.

பின்வரிசையில் யாரோ உட்கார்ந்திருந்த கதிரை பின்னால் விழுந்தது. சாருஜா எழுந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. கதவு உடையும் இடத்திலிருந்து, மனப்பாடமாக, டேனிஷில் உரத்துச் சொல்லத் தொடங்கினாள். போனுக்குள் தலையை விட்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக அவள் பக்கம் திரும்பினார்கள்.