குழாயைத் திறப்பதற்கு முன்

எங்கள் மண் பரிசோதனை வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மண் எடுக்கும் குழாயைத் திறந்து பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது. பதினோரு வருடமாக எல்லோருக்கும் நான் ஓதி வந்தது இது. அன்று அக்காவுக்காக அதைக் காற்றில் பறக்கவிட்டேன்.

அவள் வீடு கட்ட வாங்கிய மனையில்தான் துளை போட்டுக்கொண்டிருந்தோம். நான்கு வருடத்துக்கு முன் வந்த நிலநடுக்கத்தில் அவள் குடியிருந்த வீட்டின் மாடிப்படி இடிந்து விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் படுத்துத் தூங்கியதே இல்லை. வாசல் கதவை ஒட்டி ஒரு நாற்காலி, அதில் கோழித்தூக்கம். "மண்ணு கெட்டின்னு நீ ஒரு வார்த்தை சொல்லுடி, அன்னிக்கே தூங்கிடுவேன்" என்பாள். மற்ற எதிலும் என் பேச்சை அவள் காதில் வாங்கியதில்லை.

பனி விலகாத காலை. சுத்தியலைத் தூக்கும் இரும்பு முக்காலியின் உச்சி தெரியாததால் கயிறு வானத்திலிருந்தே தொங்கியது. சுத்தியல் மேலே போகும், மங்கும், தொப்பென்று வந்து விழும். ஒவ்வொரு அடியும் என் உள்ளங்காலில் ஏறியது. குழாய் முப்பது சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ணுவதுதான் என் வேலை. அடி கூடினால் மண் கெட்டி, குறைந்தால் இளகல். எண்ண எண்ண உடம்பே லேசாகி, எண்ணுவது நானா வேறு யாரோவா என்ற மயக்கம் வந்தது. ஆறாவது மீட்டரில் இருபத்தெட்டு.

"அக்கா, மண்ணு கெட்டியா இருக்கு!" என்று கத்திவிட்டேன்.

அவள் தார்ப்பாய் நிழலில் விரித்திருந்த பாயில் சாய்ந்தாள். அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிட்டாள்.

துளை போடும் டிரில்லர் குழாயை மேலே இழுத்து இரண்டாகப் பிரித்தார். உள்ளே மண்ணே இல்லை. குழாயின் வாயை ஒரு கூழாங்கல் அடைத்துக்கொண்டிருந்தது.

"மேடம், நீங்க எண்ணினது இந்தக் கல்லைத்தான்."

அடியில் இருப்பது தண்ணீர் ஊறிய இளகல் மணலாக இருந்தால், நிலம் குலுங்கும்போது கூழாகிவிடும். மேலே உள்ள வீடு சாய்ந்துவிடும்.

"அவங்கள எழுப்பிச் சொல்லிடலாமா?"

"வேணாம் அண்ணே. பக்கத்துல இன்னொரு துளை போடுங்க. கல்லு இல்லாமலும் கெட்டியா இருந்துட்டா?"

நப்பாசைதான். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முக்காலியை நகர்த்தினார்.

மறுபடி ஆறு மீட்டர் போக ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பனி மெல்ல வெளிச்சமாக மாறியது. இத்தனை இரைச்சலிலும் அக்கா வாய் திறந்து தூங்கினாள். அவள் நெற்றியில் சுருக்கமே இல்லை. இப்படி ஒரு முகம் அவளுக்கு உண்டு என்பதையே மறந்திருந்தேன். அந்தத் துளை முடியவே கூடாது என்று இருந்தது எனக்கு.

முடிந்தது. சுத்தியலின் நான்கே அடியில் குழாய் முப்பது சென்டிமீட்டரும் இறங்கிவிட்டது. இந்த முறை திறந்து பார்த்தேன். மாவு போன்ற சாம்பல் நிற மணல். கொஞ்சம் உள்ளங்கையில் வைத்துத் தட்டினேன். தண்ணீர் மேலே வந்து பளபளத்தது.

சுத்தியல் நின்ற அமைதியில் அக்கா கண் விழித்தாள். அறிக்கை வரட்டும் என்று இரண்டு நாள் சமாளித்திருக்கலாம். எனக்குத் தெம்பில்லை.

"அக்கா, நான் அவசரப்பட்டுட்டேன். மண்ணு கெட்டி இல்ல. ஆழமா தூண் இறக்காம இங்க வீடு நிக்காது."

என் கையிலிருந்த மணலையே பார்த்தாள். நாலு வார்த்தை திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எவ்வளவு நேரம் தூங்கினேன்?"

"ஒண்ணரை மணி நேரம்."

"ஒரு கனவுகூட வரலடி" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா?"