பதினைந்து தலை

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் சிதறிக் கிடக்கும் அத்தனை தேங்காய்ச் சில்லின் மீதும் சத்தியம்.

செத்துப்போன அப்பாவுக்கு இசக்கிசெல்வி மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தாள். நாச்சியார் தன் புருஷனின் மடியில் நேற்றைய பேப்பரை விரித்து வைத்தாள். ஈஸிசேரில் சாய்ந்திருந்த லிங்கம், விடியற்காலை ஐந்து மணிவரை இருந்ததைவிட ஒரு படி லட்சணமாகவே இருந்தார்.

"அழுதிராத, எம்மா."

"நான் எதுக்கு இப்ப அழுதேன்? எண்ணி முடியட்டும், பொறவு அழுதுக்கிடுதேன்."

அன்று பள்ளிக்கூடம் திறந்து ஆறாவது வேலை நாள். அன்றைக்குத்தான் கல்வி ஆபீசிலிருந்து ஆள் வந்து தலை எண்ணுவார். லிங்கம் முப்பத்திரண்டு வருஷம் பியூனாக இருந்து மணியடித்த, மலையாள நாட்டில் இருக்கும் அந்த அரசு ஹைஸ்கூலில், பத்தாம் வகுப்புத் தமிழ் டிவிஷனில் மிச்சமிருந்தது பதினைந்து பேர். ஒரு தலை குறைந்தாலும் டிவிஷனை மூடிவிட்டு, பிள்ளைகளை மலையாள வகுப்பின் கடைசி பெஞ்சில் கொண்டுபோய் உட்காரவைத்துவிடுவார்கள். பதினைந்தில் பன்னிரண்டு பேர் வலியசாலைக்குப் பின்னால் இருக்கும் இதே காலனி. அத்தனை பேரும் சொந்தம். சாவு தெரிந்தால் பிணம் எடுக்கும்வரை ஒரு வீட்டுப் பிள்ளையும் வாசல்படி தாண்டாது.

இது லிங்கத்துக்கும் தெரியும். முந்தின நாள் மூச்சு வாங்க வாங்கச் சொல்லியிருந்தார்: "எண்ணி முடியிறவரைக்கும் நான் சாக மாட்டேன். அப்படியே தவறிட்டேன்னா எவளும் வாயத் தொறக்கப்படாது. எண்ணுனதும் மணிய அடிங்க. பொறவு ஊரக் கூட்டுங்க." வாழ்நாள் முழுக்க அவர் சொன்னதில் பாதி பொய், இதிலும் பாதி பொய்யாயிற்று.

பக்கத்து வீட்டுத் தாசம்மாள் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். "என்ன லிங்கண்ணே, காலைலயே சத்தத்தக் காணும்?"

லிங்கத்துக்கு எழுபத்தெட்டு வருஷமாக ஓயாத வாய். அது அரை மணி மூடியிருந்தால் காலனியே திரும்பிப் பார்க்கும்.

"தொண்ட கட்டிருக்கு," என்றாள் நாச்சியார், பனையோலை விசிறியால் அவருக்கு வீசியபடி. "ஒரு வார்த்த பேசப்படாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அய்யோ, அண்ணனயா? அதுக்கு அவரு செத்தே போயிரலாமே!"

விசிறி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி வீசியது.

இசக்கிசெல்வி வீடு வீடாகப் போய்ப் பன்னிரண்டு பேரையும் கிளப்பிக் குடைக்குள் அடக்கி ஓட்டிப்போனாள். அவள் மகள் ஆதிராவும் அதில் ஒருத்தி. பிள்ளைகளில் அவளுக்கு மட்டும் விஷயம் தெரியும். வழியெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ஆபீசிலிருந்து வந்த ஹரிகுமார் சார் பேனா முனையால் தலைதலையாகச் சுட்டினார். இசக்கிசெல்வி வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினைந்து. அவர் திருப்திப்படவில்லை.

"இவங்கெல்லாம் இங்க படிக்குற பிள்ளைங்கதானே? எண்ணுறதுக்கு மாத்ரம் கொண்டுவந்தது இல்லையல்லே?" என்றார். "சரி. இந்த ஸ்கூலோட சரித்ரம் யாருக்காவது தெரியுமோ?"

ஆதிரா எழுந்தாள்.

"தெரியும் சார். பெரிய ஹாலோட கதவு ஏன் அவ்ளோ அகலம்னா, மகாராஜாவோட ஆனை இங்கதான் படிச்சுது. மூணு வருஷம் ஒரே கிளாஸ். வராந்தாத் தூண் ஒண்ணு சாஞ்சிருக்குல்லா, அது பரீட்சை எழுதுனப்ப முதுகு சொறிஞ்ச தூண்."

"மூணு வருஷமா? எதுல ஃபெயிலு?"

"மலையாளத்துல, சார்."

"அப்போ தமிழ்ல?"

வகுப்பு முழுக்க ஒரே குரலில் கத்தியது: "நூத்துக்கு எண்பது!"

லிங்கம் மணியடிக்கும் கட்டையோடு வகுப்புவாசலில் நின்றும், பிறகு ஈஸிசேரில் சாய்ந்தும் காலனியின் மூன்று தலைமுறைக்குச் சொன்ன சரித்திரம் அது. ஹரிகுமார் சிரிப்பை அடக்கக் கொஞ்சம் இருமினார்.

"ஆரு மோளே இதச் சொல்லித் தந்தது?"

"எங்க தாத்தா."

"அவரு இப்போ எங்க?"

ஓட்டின்மேல் மழை கொட்டியது. இசக்கிசெல்வி தூணை விட்டுவிட்டாள்.

"வீட்ல இருக்காரு," என்றாள் ஆதிரா. "பேப்பர் படிச்சிட்டு."

அவர் குனிந்து பதினைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இசக்கிசெல்வி நேராக ஆபீஸ் ரூம் வாசலுக்குப் போனாள். அங்கே தொங்கிய தண்டவாளத் துண்டை, சாயங்காலம் பள்ளி விடும்போது அடிக்கும் கூட்டமணியாக, விடாமல் அடித்தாள்.

"எந்தா செல்வி, இப்போ எதுக்கு பெல்லு? மணி பதினொண்ணுகூட ஆகல!" ஹெட்மிஸ்ட்ரஸ் ஓடிவந்தார்.

"ஆயிருச்சு டீச்சர்," என்று சொல்லிவிட்டு, கை ஓயும்வரை அடித்தாள்.

இரண்டு தெரு தள்ளி, மழையைக் கிழித்துக்கொண்டு நாச்சியாரின் குரல் எழுந்தது. வகுப்பில் ஆதிரா நோட்டைத் திறந்து, ஓரத்தில் அன்றைய தேதியை எழுதி, அதன் கீழே அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டாள்.

கனமழை காரணமாக, அன்று காலை ஏழு மணிக்கே மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் கலெக்டர் விடுமுறை விட்டிருந்தார். லிங்கம் சொன்ன சரித்திரத்தைப் போல, இதிலும் பாதியை நம்பினால் போதும்.