இடது ஓரத்தில் இருந்தவள்

எங்கள் புகைப்படக் கழகத்தில் என்னை ‘ரெண்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆண்டுப் போட்டியில் ஆறு தடவை இரண்டாம் பரிசு வாங்கியவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? கழகத் தலைவரான பல் டாக்டர்கூட, “ரெண்டு வந்தாச்சா? அப்போ ஆரம்பிக்கலாம்” என்பார். நானும் சிரித்து வைப்பேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரியில் துணி ஏற்றி இறக்கும் லிஃப்ட் மாதம் ஒரு தடவையாவது மக்கர் பண்ணும். கீழ்த்தளத்தில் அது போய் நிற்கும் இடம் சலவைக்கூடம். அங்கேதான் என் தங்கை பன்னிரண்டு வருடமாகப் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கிறாள். ஒருநாள் வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். தெருமட்டத்தில் இருந்த சின்ன ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து இறங்கியிருந்தது. மடித்த விரிப்புகள் கூரைவரைக்கும் வெள்ளை வெளேரென்று அடுக்கியிருந்தன. இடது ஓரத்தில் தங்கை, ஒரு விரிப்பின் நடுவை முகவாயில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் அகல விரித்தபடி நின்றிருந்தாள். பையில் கேமரா இருந்தது. எடுத்துவிட்டேன்.

கேமராவின் திரையில் பார்த்ததும், “ஐயோ, பேய் மாதிரி இருக்கேன்!” என்றாள். சொன்னாளே தவிர, கேமராவைத் திருப்பித் தரவில்லை. இஸ்திரி மெஷினில் நிற்பவள், வண்டி தள்ளுபவள் என்று ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“இந்த வருஷம் போட்டிக்கு இதான் போகுது” என்று பெருமையாகச் சொன்னேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

எங்கள் போட்டிக்கு இரண்டு சுற்று. முதல் சுற்றில் நடுவர் ஒவ்வொரு படத்துக்கும் குறை நிறை சொல்வார். தேறிய படங்களைத் திருத்தி, மூன்று வாரம் கழித்து இறுதிச் சுற்றுக்குக் கொண்டுவரலாம். படத்துக்குப் பின்னால் எண் மட்டும்தான் இருக்கும். எடுத்தவரோ அவரைச் சேர்ந்தவர்களோ நடுவர் முன்னால் வாயைத் திறந்து காட்டிக்கொடுத்துவிட்டால் படம் அவுட். போன வருடம் ஒரு பேங்க் கேஷியர், “அது எங்க வீட்டு நாய்தான்!” என்று பூரித்துப்போய், நாயோடு சேர்ந்து வெளியேறினார்.

இந்த வருட நடுவர் முப்பது வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தவர். ‘ட’ வடிவத்தில் வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகளைக் கையோடு கொண்டுவருவார். படத்தின்மேல் அவற்றை வைத்து இப்படியும் அப்படியும் நகர்த்தி, எது வேண்டும், எது வேண்டாம் என்று காட்டுவார். என் படத்தின் முன்னால் வந்ததும் அட்டைகளைக் கையில் எடுத்தார்.

“பிரமாதமா எடுத்திருக்காங்க. ஆனா இந்தம்மா இங்க எதுக்கு?”

இடது பக்க அட்டையை நகர்த்தினார். தங்கை மறைந்துபோனாள்.

“இப்போ பாருங்க.”

அறை முழுக்க ‘ஆஹா’ என்றது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த அட்டைகளைப் பிடுங்கி நாலாகக் கிழித்திருப்பேன். விதி இருக்கிறதே, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த மனிதர் சொன்னது சரி. அவள் இருந்தால் அது ஒரு பெண் துணி மடிக்கிற படம். அவள் இல்லாவிட்டால் வெயிலும் வெள்ளையும் மட்டும் நின்று ஆளைப் பிடித்து இழுத்தன.

இரண்டு விதமாகவும் பிரின்ட் போட்டு வீட்டு மேசையில் வைத்தேன். என் மனைவி இரண்டையும் பார்த்தாள்.

“போட்டியைப் பார்க்க எட்டுப் பேரைக் கூட்டிட்டு வராளாம் உங்க தங்கச்சி. அவ இல்லாத படத்தைக் கொடுக்கிறதுன்னா முன்னாடியே சொல்லிடுங்க.”

“சொல்றேன்” என்றேன்.

சொல்லத்தான் போன் பண்ணுவேன். நான் தொடங்குவதற்குள் அவள், “அண்ணா, எல்லாரும் ஷிஃப்ட் மாத்தியாச்சு! நான் புது டிரஸ் எடுத்துட்டேன்” என்பாள். நான் அசடு மாதிரி, “அங்க வந்து யாரும் வாயத் திறக்கக் கூடாது, திறந்தா படம் போச்சு” என்று விதியை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். கடைசி நாளன்று அவள் இல்லாத படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு முதல் பரிசு வேண்டியிருந்தது. இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை.

இறுதிச் சுற்று நூலகத்தின் மாடி அறையில் நடந்தது. கடைசி வரிசையில் ஒன்பது பெண்கள் கல்யாணத்துக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். படங்களை ஒவ்வொன்றாக ஸ்டாண்டில் வைத்துக்கொண்டே வந்தார்கள். ஏழாவது என்னுடையது.

“என்னடி இது, உன்ன...” என்று இஸ்திரி மெஷின்காரியின் குரல் கேட்டது. அதோடு நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். தங்கை அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். மற்ற ஏழு பேரையும் பார்த்து உதட்டின்மேல் விரலை வைத்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். அவள் கண் முதலில் இடது ஓரத்துக்குப் போனது. அப்புறம், ஒருவேளை இடம் மாறியிருக்குமோ என்பது மாதிரி, வலது ஓரத்துக்கும் போனது. என்னால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை.

முதல் பரிசு எனக்குத்தான். “ரெண்டு இனிமே ஒண்ணு!” என்று பல் டாக்டர் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வரிசையில் என் தங்கை மட்டும் எழுந்து நின்று கை தட்டினாள்.

படிக்கட்டில் இஸ்திரி மெஷின்காரி என்னை மறித்துக்கொண்டாள்.

“எங்க சார் இவ? காலையிலேர்ந்து தலை சீவி, பவுடர் போட்டு வந்திருக்கோம்.”

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

“அட, அந்த அடுக்கு பூரா யாரு மடிச்சதுன்னு நினைக்கிற? நான்தான்டி! ஒரு சுருக்கம் தெரியுதா பாரு. அதுக்குத்தான் பரிசே.”

கூட வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் “அது சரி” என்று அவள் முதுகில் தட்டினார்கள். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன்.

அவளும் நானும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். கேடயத்தை அவள்தான் மடியில் வைத்திருந்தாள். அதில் எழுதி ஒட்டியிருந்த என் பெயரை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். நாலைந்து நிறுத்தம் தாண்டியதும் கேட்டாள்.

“அண்ணா, அதுல நான் நல்லா இல்லையா?”

“சேச்சே, அதெல்லாம் இல்லம்மா. நல்லாத்தான் இருந்தே. அந்த நடுவர்தான் எடுத்துடச் சொன்னாரு. அவருக்கு நீ யாருன்னே தெரியாது.”

அவள் விரல் என் பெயரின்மேல் நின்றது.

“அவருக்குத் தெரியாது, சரி” என்றாள். “உனக்குத் தெரியுமே.”

அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. கேடயத்தை என் மடியில் வைத்துவிட்டு, “பாத்துப் போ” என்று சொல்லி இறங்கினாள்.