நீதான் முழிச்சிருப்பியே

நாட்டில் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மூச்சு மட்டும் ஓடவில்லை.

சின்ன வயதிலிருந்தே இழுப்பு. ஆனி பிறந்து மலையிலிருந்து சாரல் இறங்கியதும், மதுரைக்காரர்களும் மெட்ராஸ்காரர்களும் கூஜா ஜமக்காளத்தோடு குற்றாலத்துக்கு வந்து, "என்ன காத்து, என்ன காத்து" என்று நெஞ்சை விரிப்பார்கள். அதே காற்று தென்காசியில் எங்கள் வீட்டு ஜன்னலுக்குள் நுழைந்தால் என் நெஞ்சுக்குள் யாரோ ஓட்டை ஹார்மோனியத்தை வாசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். கச்சேரிக்குக் கூட்டம் வந்ததில்லை.

திருநெல்வேலியில் பி.ஏ. இரண்டாம் வருஷம் சேர்ந்த சமயம் எங்கள் டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். எபிட்ரின். அரிசிப்பொரியைவிடச் சின்னது. போட்டால் நெஞ்சு திறந்துவிடும். கூடவே கண்ணும் திறந்துகொள்ளும், பிறகு மூடாது. கை நடுங்கும். புறப்பட்டுவிட்ட ரயிலை விரட்டுகிறவன் மாதிரி நெஞ்சு ஓடும், நான் பாயில் மல்லாந்து கிடப்பேன்.

மாத்திரையை நிறுத்தியும் பார்த்தேன். தூக்கம் வாசல்வரை வந்தது. மூச்சு வரவில்லை. விடியும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கும் பெயர் முழிப்புத்தான்.

டாக்டரிடம் போய் முறையிட்டேன்.

"உனக்கு மூச்சு வேணுமா, தூக்கம் வேணுமா?"

"ரெண்டும் வேணும் டாக்டர்."

"ஆசைப்படுதே."

"தூங்குறதுக்குத் தனியா ஒரு மாத்திரை இருக்காமே?"

"இருக்கு. அது இருக்கிற மூச்சையும் அமுக்கிரும். நல்லாத் தூங்குவே. எழுப்பத்தான் முடியாது."

ஹாஸ்டலில் ராத்திரி ராத்திரி வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். முதல் வருஷப் பையன் ஒருவன் பேய் என்று நினைத்துக் காய்ச்சலில் விழுந்தான். அதைவிட, காவற்காரர் வார்டனிடம் போய் அழுததுதான் பெரிய விஷயம்: இந்தப் பையன் சும்மாவே முழித்திருந்தால் காவற்காரனுக்கு எதற்குச் சம்பளம் என்று நாளைக்கு யாராவது கேட்பார்களாம். வார்டன் நல்ல மனுஷர். "வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டு வா. தூக்கம் வந்ததும் சேத்துக்கிடுதேன்" என்றார். ஆடி முடிவதற்குள் திரும்பாவிட்டால் அட்டெண்டன்ஸ் போய்விடும், வருஷமும் போய்விடும் என்பதையும் அதே நல்ல குரலில் சொன்னார்.

ஆக, படிப்பு வேண்டுமானால் தூங்க வேண்டும். உலகத்தில் வேறெந்த மாணவனுக்கும் இப்படியொரு பாடம் வைத்திருக்கமாட்டார்கள். மற்றவர்களெல்லாம் வகுப்பிலேயே அதில் தேறிவிடுகிறார்கள்.

தென்காசிக்கு வந்து சேர்ந்ததும் தெருவே என்னைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. வயலுக்கு முறைத்தண்ணீர் வருகிறதா, பால்மாடு கன்று போடப்போகிறதா, மாப்பிள்ளை வீட்டார் முதல் பஸ்ஸில் வருகிறார்களா, எல்லாவற்றுக்கும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் படுத்தார்கள். "கொஞ்சம் எழுப்பிவிட்டுரு சிவசைலம், நீதான் முழிச்சிருப்பியே." இழவு வீடென்றால் பிணத்துக்குத் துணை இருக்கவும் நான்தான். பிணத்தைத் தவிர எல்லோரும் எனக்கு நன்றி சொன்னார்கள்.

பக்கத்துத் தெரு துல்கர்னைன் என் வகுப்புத் தோழன். சனி, ஞாயிறு வந்துவிட்டுத் திங்கள்கிழமை முதல் பஸ்ஸுக்குத் திருநெல்வேலி போவான். அவனை எழுப்புவதும் என் பொறுப்பு. ஜன்னலைத் தட்டிக் கையெல்லாம் வலிக்கும்.

"மாப்ள, உனக்கும் சேத்து நான்தான் 'பிரசன்ட் சார்' சொல்லுதேன்" என்றான் ஒரு தடவை.

"குரலை மாத்திச் சொல்லுதியா?"

"இழுத்து இழுத்துச் சொல்லுதேன். அச்சு அசல் நீதான்னு நம்பிட்டாவ. ஆனா ஆடிக்கு மேல தாங்காதுலே. சீக்கிரம் தூங்கு."

அப்பா இல்லாத வீட்டுக்கு அம்மாவின் அண்ணன் வல்லிநாயகம் மாமாதான் அரசாங்கம். அவர் என் கண்ணைப் பிதுக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்.

"இது மாத்திரையுமில்ல, மண்ணுமில்ல. தூக்கம் இல்லேன்னா பித்தம் தலைக்கு ஏறிட்டுன்னு அர்த்தம். எண்ணெ தேச்சு அருவியில நிப்பாட்டணும்."

குற்றாலத்தில் சித்தம் கலங்கியவர்களுக்குச் செய்கிற வைத்தியம் அது. அதை அப்படியே எனக்கும் எழுதிவிட்டார்.

"மாமா, எனக்கு இழுப்பு. குளிந்த தண்ணி ஆகாதுன்னு டாக்டர்..."

"டாக்டர் கெடக்கான். அருவித் தண்ணி குளிந்த தண்ணியாலே? அது மூலிகெ."

அம்மா துண்டை மடித்துக் கொடுத்தாள். எனக்கும், சொன்னால் வெட்கக்கேடு, ஒரு நப்பாசை இருந்தது. யார் கண்டது, வார்டனிடம் போய் "தூங்கிட்டேன் சார்" என்று சொல்ல முடிந்தால் போதும். பித்தம் என்றே வைத்துக்கொள்ளட்டுமே.

அருவிக்கரை மண்டபத்தில் எண்ணெய் தேய்க்கிறவர் என் தலையில் அறைந்த அறையில், இருந்த கொஞ்சம் அறிவும் தெளிந்துவிட்டது. எனக்குப் பக்கத்தில் இன்னொருவருக்கும் தேய்த்தார்கள். இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை அவர் மனைவி கையில். ஆலங்குளத்துப் பக்கம். பெயர் சுந்தரபாண்டியன், பட்டாளத்திலிருந்து திரும்பி வந்ததிலிருந்து இப்படித்தான் என்று அந்த அம்மாள், மாடத்தி, மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உங்க பையனுக்கு எத்தனெ நாளா?"

"பையனுக்குப் புத்தியெல்லாம் தெளிவுதான் தாயீ. தூக்கம்தான் இல்லெ."

"மொதல்ல எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாவ" என்றாள் மாடத்தி, ஆறுதலாக.

பிறகு எங்கள் இரண்டு பேரையும் அருவிக்குள் தள்ளினார்கள். தலைமேல் ஒரு லாரி ஜல்லியைக் கொட்டின மாதிரி இருந்தது. சுந்தரபாண்டியன் விறைப்பாக நின்று அருவிக்கே சல்யூட் வைத்தார். நான் வாயைத் திறந்தேன். உள்ளே தண்ணீர் போயிற்று, காற்று போகவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாறையில் சரிந்ததை, பித்தம் இறங்குகிறது என்று மாமா கரையிலிருந்து கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தாராம். என் உதடு நீலம் பூத்த பிறகுதான் ஓடி வந்தார்.

மண்டபத்தில் போட்டு, நான் கழற்றி வைத்திருந்த வேட்டி மடிப்பில் இருந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். அவசரத்தில் ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்துவிட்டார். மூச்சு வந்தது. கண் திறந்தது.

எனக்கு நேர் எதிரே சுந்தரபாண்டியன் ஈரத்தோடு கல்தரையில் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்து, ஒரு கை தலைக்கடியில், மூச்சு தடையில்லாமல் போய் வந்துகொண்டிருந்தது. என் வாழ்க்கையில் யாரையும் அவ்வளவு பொறாமையோடு பார்த்ததில்லை.

மாமா எனக்குச் சுக்குக்காப்பி வாங்கப் போனார். மாடத்தி எழுந்து கயிற்றை என்னிடம் நீட்டினாள்.

"தம்பி, கோயில் வரைக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்துருதேன். கொஞ்சம் பாத்துக்கிடுங்க. நீங்கதான் தூங்கமாட்டீயளே."

வாங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் கண் விழித்தார். கலக்கமில்லாத கண். என்னையும் கயிற்றையும் பார்த்தார்.

"சென்ட்ரி டியூட்டியா?"

"ஆமா அண்ணாச்சி."

"ரிலீப் எப்பம்?"

"தெரியல."

"வரமாட்டான்" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்து மறுபடி தூங்கிப்போனார்.

நாங்கள் வீடு திரும்பியதும் மாமா அன்றிரவு என் பாய்க்குப் பக்கத்திலேயே படுத்தார், அருவி வேலை செய்கிறதா என்று பார்க்க. அவர் பார்த்தவரையில் நான் தூங்கவில்லை. அதற்குமேல் அவர் தூங்கிவிட்டார். காலையில் எழுந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, பல் விளக்கப் போனார். ஆடி கடைசி வாரம் அது.

தீர்வு மாமாவிடமே இருந்தது. ஆலங்குளத்தில் அவர் சேக்காளி ஒருவருக்கு மிளகாய்வத்தல் மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கி. ராக்காவலுக்கு ஆள் நிற்பதில்லையாம், எல்லோரும் தூங்கிவிடுகிறார்கள்.

"படிச்ச பையன், ராத்திரி கண் அசரமாட்டான்னு சொல்லியிருக்கேன்" என்றார் பெருமையாக.

"வத்தல் நெடி எனக்கு இழுப்புக்கு..."

"அதுக்குத்தான் மாத்திரெ இருக்கேலே."

யோசித்துப் பார்த்தேன். நெடிக்கு மாத்திரை, மாத்திரைக்கு முழிப்பு, முழிப்புக்குச் சம்பளம். லாஜிக்கில் ஓட்டையே இல்லை. எங்கள் காலேஜ் தர்க்க வாத்தியார் கேட்டிருந்தால் முழு மார்க் போட்டிருப்பார்.

திங்கள்கிழமை வழக்கம்போலத் துல்கர்னைன் ஜன்னலைத் தட்டினேன். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து என் கையில் டிரங்குப் பெட்டியைப் பார்த்தான்.

"ஏலே! தூக்கம் வந்துட்டாலே? காலேஜுக்கா?"

"கெளம்பு, சொல்லுதேன்."

பஸ்ஸில் சொன்னேன்.

"வத்தலுக்கும் அட்டெண்டன்ஸ் எடுப்பாவளா?" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. என் டிரங்குப் பெட்டியைத் தன் காலுக்குப் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான். பாவூர்சத்திரம் தாண்டுவதற்குள் அவன் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது.

"திருநெல்வேலி வந்ததும் எழுப்பிவிடு மாப்ள" என்று முனகினான். "நீதான்..."

மிச்சத்தைச் சொல்வதற்குள் தூங்கிப்போனான்.

அவன் மூச்சு என் சட்டைக் காலரில் பட்டுக்கொண்டிருந்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். வெளியே பனைகள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தன. கண்டக்டர் "ஆலங்குளம், ஆலங்குளம்" என்று கத்தினார். துல்கர்னைன் தலையைத் தோளிலிருந்து மெல்ல எடுத்து ஜன்னல் கம்பியில் சாய்த்தேன். கம்பி குத்தாமல் இருக்க என் துண்டை மடித்துக் கொடுத்தேன்.

இறங்கும்போது கண்டக்டரிடம் சொன்னேன்: "அண்ணாச்சி, அந்தப் பையனைத் திருநெல்வேலியில கொஞ்சம் எழுப்பி விட்டுருங்க."

"ஏன், நீரு வரலியா?"

பஸ் கிளப்பின புழுதியில் எனக்கு இழுக்க ஆரம்பித்திருந்தது. மடியில் மாத்திரையைத் தேடினேன்.