கடைசியாகத் திருத்திய தேதி

பள்ளிக்கூட நூலகத்தின் இணையதளத்திலிருந்து என் மகளின் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று என் மைத்துனர் வீட்டில் பேசிக்கொள்கிறார்களாம். அவள் எழுதியதில் ஏதோ தப்பு, அதனால் பள்ளிக்கூடமே எடுத்துவிட்டது என்று பேச்சு. பள்ளிக்கூடம் எடுக்கவில்லை. எடுக்கச் சொன்னவன் நான். யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. ஆனாலும் எங்கள் வீட்டு விஷயம் நாலு வாயில் புகுந்து வேறொன்றாக மாறுவதற்கு முன்னால், நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன்.

அவள் அந்தப் பள்ளியில் நூலகராக இருந்தாள். வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவோம். புத்தகத்தை எடுத்துக் கொடுத்துத் திருப்பி வாங்கி அடுக்குவதோடு நூலகர் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தவன் நான். அவள் அப்படி நினைக்கவில்லை. கட்டுரை எழுத ஒரு தலைப்பைக் கொடுத்தால், பிள்ளைகள் இணையத்தில் முதலில் கண்ணில் படுவதை அப்படியே எடுத்து ஒட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று ஆதங்கப்படுவாள். அதற்காக நூலகத்துக்கென்று ஓர் இணையதளத்தை அவளே உருவாக்கினாள். எங்கள் சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலைதான் அவளுடைய அலுவலகம். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு வழிகாட்டிப் பக்கம். தண்ணீரைப் பற்றி எழுத வேண்டுமா, எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது, எந்த அலுவலகத்தின் அறிக்கையைப் பார்க்கலாம், குடிநீரில் எந்த உப்பு எவ்வளவு வரை இருக்கலாம், எடுத்த தகவலை எங்கிருந்து எடுத்தோம் என்று கடைசியில் எப்படிக் குறிப்பிடுவது, எல்லாம் அந்தப் பக்கத்திலேயே கிடைக்கும். அடியில் அவள் பெயர் இருக்கும். அதற்கும் கீழே, கடைசியாகத் திருத்திய தேதி.

நான் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது என் வேலை. கடைத்தெருவில் எனக்குத் ‘தராசு’ என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேராகச் சொல்லும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை. அவள் மட்டும் சொல்வாள். “தராசு சார், கொஞ்சம் வந்து பாருங்க” என்று மேஜையிலிருந்து குரல் வரும். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போவேன்.

ஒருநாள் அப்படிப் போனபோது, இல்லாத பக்கத்தைத் தேடிக்கொண்டு யாராவது வந்தால் திரையில் என்ன வாசகம் வர வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

“‘தவறான முகவரி’ன்னு போடு. அதானே விஷயம்” என்றேன்.

“வர்றது ஆறாங்கிளாஸ் புள்ளப்பா. ஏற்கெனவே பயந்துகிட்டேதான் வரும். அதைப் போய் மிரட்டச் சொல்றீங்களே. இது என்ன, மளிகைக் கடையா?”

“அப்ப உன் இஷ்டம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். என்ன எழுதினாள் என்று பார்க்கவில்லை.

அடுத்த வருடம் அவளுக்கு நோய் வந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. போகும்போது அவளுக்கு என்ன வயது என்று சொல்லி யாரிடமும் இரக்கம் வாங்கவும் விருப்பமில்லை.

அவள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, பள்ளி நூலகத்துக்குப் புது இணையதளம் வடிவமைக்க ஒரு பெண்ணை அமர்த்தினார்கள். சிட்டுவைவிடச் சின்னவள். தோளில் பெரிய பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“பழைய தளத்தோட பாஸ்வேர்டு ஸ்கூல்ல யார்கிட்டயும் இல்ல சார். மேடத்தோட கம்ப்யூட்டர்ல இருக்கலாம்னு ஹெச்.எம். சொன்னாங்க.”

கம்ப்யூட்டரைக் காட்டினேன். மேஜையின் அதே மூலையில் உட்கார்ந்து அவள் வேலை பார்த்தாள். போகும் முன் தயங்கியபடி சொன்னாள்.

“எல்லாப் பக்கத்தையும் புதுசுக்குக் கொண்டு போக முடியாது சார். ஒரு பருவம் பார்ப்போம். பசங்க எதைப் படிக்கிறாங்களோ அது இருக்கும். மத்ததை விட்டுடுவோம்.”

“அவ போட்ட பக்கமெல்லாம்?”

அவள் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தாள். “இப்ப அவ்வளவா யாரும் வர்றதில்ல. கிளாஸ்ல போய் எடுத்துச் சொல்றதுக்கு மேடம் இல்லையே. நீங்க ஹெச்.எம். கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, அப்படியே வச்சிடலாம்.”

“எங்க வீட்ல யாரும் யார் வாசல்லயும் போய் நின்னு கேட்டதில்லம்மா.”

“சரிங்க சார்.”

“படிக்கிறாங்களா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“திறந்த உடனே மூடிட்டா கணக்குல வராது. கடைசி வரைக்கும் நகர்த்தி, கொஞ்ச நேரம் இருக்கணும்.”

மறுநாள் காலையிலிருந்து நான் படிக்கத் தொடங்கினேன்.

குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, மேஜை முன்னால் உட்காருவேன். தண்ணீர், மண், வானிலை, செய்தித்தாள்கள், அளவைகள் என்று அவள் போட்ட பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து கடைசி வரி வரை படிப்பேன். இதில் மறைக்க எதுவும் இல்லை. மகள் எழுதியதைத் தகப்பன் படித்தான். படிக்காமல் ஒரு பக்கத்தையும் நான் மூடியதில்லை.

என் மனைவிக்கு இது வேடிக்கையாக இருந்தது. “ஆபீஸ் கிளம்பியாச்சா? சாப்பாடு கட்டித் தரட்டுமா?” என்பாள்.

“உன் வேலையைப் பாரு.”

“என் வேலையை நான் பார்த்துகிட்டுதான் இருக்கேன். ரிட்டயரானவருக்கு எவன் ஓவர்டைம் போட்டான்னு கேட்டேன், அவ்வளவுதான்.”

பருவம் முடிந்து புதுத் தளம் திறந்தது. முதல் பக்கத்திலேயே ‘அதிகம் படிக்கப்பட்டவை’ என்று ஒரு கட்டம். அதில் முதலாவதாகத் ‘தண்ணீர்’ என்ற பக்கமும் அதன் கீழே சிட்டுவின் முழுப் பெயரும் இருந்தன. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

“நம்ம புள்ளதான் முதல்ல” என்றாள். அன்று முழுவதும் என்னை ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை.

முதலில் நின்றதால் இப்போது பிள்ளைகள் உண்மையிலேயே அந்தப் பக்கத்துக்கு வந்தார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘இது உனக்கு உதவியதா?’ என்று சிட்டு ஒரு பெட்டி வைத்திருந்தாள். இத்தனை நாள் காலியாகக் கிடந்த பெட்டி அது. ஒருநாள் காலை அதில் எழுத்து இருந்தது. சந்தோஷத்தோடு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

‘ரெண்டு லிங்க் திறக்கல’ என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. அடுத்த வாரம் இன்னொன்று. ‘இதில் இருக்கும் அளவு பழசு. கண்காட்சியில் எல்லார் முன்னாடியும் நடுவர் சொன்னார். எங்கள் குழு தோற்றுப் போனது.’ அதற்கும் கீழே வேறொரு பிள்ளை: ‘இதை எழுதின மிஸ் யார்? சரியாகத் தெரியாமல் ஏன் போடுகிறார்கள்?’

யார் என்று தேட வேண்டியதில்லை. கேள்விக்கு நேர் மேலேயே பெயர் இருந்தது.

குடிநீர் அளவுகளுக்காக அவள் காட்டியிருந்த அறிக்கையை நானே தேடிப் பிடித்தேன். உப்பின் அளவை மாற்றியிருந்தார்கள், அவள் போன பிறகு. அவள் எழுதிய அன்று அது சரி. அதைப் பெட்டியில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன். அதற்கு முன்னால் அவளுடைய இன்னொரு பக்கத்தைத் திறந்தேன். ‘எதை நம்பலாம்?’ என்பது தலைப்பு. அதுவரை எத்தனையோ முறை படித்த பக்கம். அதில் இப்படி எழுதியிருந்தாள்:

‘ஒரு பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும், யார் எழுதியதாக இருந்தாலும், கடைசியாகத் திருத்திய தேதியைப் பார். வெகு நாளாக யாரும் கை வைக்காத பக்கம் என்றால், எழுதியவர் மேல் மரியாதை வைத்துக்கொண்டே வேறு பக்கம் போ.’

கெடு முடிந்த பழைய முத்திரையோடு இருக்கும் தராசு சரியாகவே நிறுத்தாலும் அதைக் கடையில் வைத்திருக்கக் கூடாது. எத்தனை கடைக்காரர்கள் என்னிடம் கெஞ்சியிருப்பார்கள். ஒருவருக்கும் நான் விட்டுக் கொடுத்ததில்லை.

அடுக்களைக்குப் போனேன். “நாளைக்கு ஸ்கூலுக்குப் போறேன். எடுக்கச் சொல்லப் போறேன்.”

“எதை?”

“அவ பக்கத்தை எல்லாம்.”

மனைவி குழாயை மூடினாள். “உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா? ஒரு நம்பர் பழசாப் போனா உலகம் இடிஞ்சிடுமா? அவ பேரு பேங்க்ல எடுத்தாச்சு. போன்காரன் எடுத்துட்டான். மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதாங்க.”

“தெரியாம எழுதிட்டான்னு ஒரு புள்ள கேட்டிருக்கு. அவளைப் பார்த்து.”

“கேட்கட்டும். புள்ளைங்க ஆயிரம் கேட்கும். பேராவது இருக்கும்ல?”

“அப்படி ஒரு பேரு இருக்க வேண்டாம்.”

“உங்களுக்கு உங்க கௌரவம்தான் பெருசு.”

“அவளோடதும்தான்” என்றேன். அவள் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள்.

பள்ளிக்கூட நூலகத்தில் அந்த வடிவமைக்கும் பெண் ஜன்னலோர மேஜையில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“நானே பார்த்தேன் சார், உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எடுக்க வேண்டாம். அளவை மாத்தி, லிங்க்கையும் சரி பண்ணிடறேன். மேடம் பேரு அப்படியே இருக்கட்டும்.”

“அவ பார்க்காத அளவுக்குக் கீழ அவ பேரா?”

“என் பேரையும் சேர்த்துப் போட்டுக்கறேன்.”

“அடுத்த வருஷம் நீங்க இருக்க மாட்டீங்க. வேற ஒருத்தர் பார்க்க மறந்துடுவார். அப்பவும் அவளைத்தான் கேட்பாங்க. அவளால வந்து பதில் சொல்ல முடியாதும்மா.”

அவள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “அந்தப் பக்கம் முதல்ல வந்ததுக்கு நானும் காரணம் சார். பசங்க படிச்சு வரலைன்னு எனக்கு முன்னாடியே தெரியும். ஒரே வீட்டுல இருந்து வந்ததைக் கழிச்சிருக்கணும். கழிக்கல.”

“நான்தான் படிச்சேன்” என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சொல்லவில்லை.

“நீங்க மட்டும் இல்லையே சார். காலையில ஒரு கம்ப்யூட்டர். மத்தியானம் அதே வீட்டுல ஒரு போன். தினமும்.”

மத்தியானம் நான் சற்றுக் கண்ணயரும் நேரம். அடுக்களைக்குள் இருந்து சத்தமே வராது. மனைவியும் அசந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“தெரிஞ்சும் ஏன்மா கழிக்கல?”

“படிக்கத்தானே செஞ்சீங்க” என்றாள் அந்தப் பெண். அவள் கண் கலங்கியிருந்தது. நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

“இப்பவே எடுக்கவா சார், இல்ல நீங்க கிளம்பினதுக்கு அப்புறமா?”

“இப்பவே.”

திரையை எனக்குத் தெரியாதபடி திருப்பி வைத்துக்கொண்டாள். அதிக நேரம் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சாப்பாடு போட்டாள். போய் வந்த விஷயத்தை அவள் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. கேட்டு உறுதி செய்துகொள்ளாத வரை எடுத்ததாக ஆகாது என்று அவளுக்கு ஓர் எண்ணம் இருந்திருக்கலாம். போனைப் பற்றி நானும் வாய் திறக்கவில்லை. கட்டிலில் போய்ச் சாய்ந்தேன். தூக்கம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. இத்தனை நாளும் அந்த அமைதியில்தான் நான் தூங்கியிருக்கிறேன்.

பிறகு அவள் வந்து அறை வாசலில் நின்றாள். கையில் போன். முகம் ஒரு மாதிரி இருந்தது.

“ஏங்க, தூங்கிட்டீங்களா? என்னமோ வருது, பாருங்க. இது யார் எழுதினது?”

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தேன். வெள்ளைத் திரையின் நடுவில் மூன்றே வரிகள். புதுத் தளத்திலும் இதை மட்டும் யாரும் மாற்றவில்லை போலிருக்கிறது.

‘நீ தேடி வந்த பக்கம் இங்கே இல்லை.
தப்பு உன் மேல் இல்லை.
கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போ.’

அடியில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. கட்டிலில் கொஞ்சம் தள்ளி இடம் விட்டேன். அவள் வந்து உட்கார்ந்தாள். போனை அவளிடம் திருப்பிக் கொடுக்க எனக்கு வெகு நேரம் ஆயிற்று.